நிலமும் பொழுதும் சரக்கு வண்டியும்

புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியைச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். உப்பு வணிகராகிய உமணர் பாரம் மிகுதியாக ஏற்றிய வண்டியோடு நெடுவழி செல்பவர். எருதுகளோ நுகத்துக்குப் புதியவை. மேட்டில் ஏறும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் என்ன நேருமோ என்று அஞ்சி, வண்டியின் அடியில் வேறோர் அச்சையும் கட்டிக்கொண்டு போவர். தகடூர்க் கோமகனைப் பாட வந்த புலவருக்கு யானையோ தேரோ உவமையாகவில்லை. சரக்கு வண்டியின் அடிப்பாகமே உவமையாயிற்று. அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. கடற்கரை உப்பு மேட்டுநிலத்துக்கு ஏறிய வழிகளை அறிந்த ஒருவர்க்கே இவ்வுவமை தோன்றும். சிறுபாணாற்றுப்படையோ இன்னும் சற்று உள்ளே சென்று, உமணர் வளர்த்த மந்தி அவர்தம் பிள்ளைகளோடு விளையாடுவதையும் காட்டுகிறது. வண்டி, எருது, அச்சு, பாரம், அதனோடு செல்லும் குடும்பம், குடும்பத்தோடு செல்லும் குரங்கு என ஒன்றையும் சங்கப் புலவர் விட்டுவைக்கவில்லை.

இவ்வளவு நுட்பமாகச் சரக்கு வண்டியைக் கண்ட மொழியில், இருப்புப்பாதை வந்த பிறகு அக்கண் எங்கே போயிற்று என்னும் வினா எழுகிறது. பயணியர் வண்டி கதையிலும் பாட்டிலும் திரையிலும் வேண்டிய அளவு இடம் பெற்றுவிட்டது. பிரிவுக்கும் சந்திப்புக்கும் அது வாய்ப்பான களம். ஆனால் மக்கள் வாயில் ‘கூட்ஸ்’ என்று வழங்கும் சரக்கு வண்டி, கேட்டை மூடி வழிமறிக்கும் ஒரு தொல்லையாகவே நம் எழுத்தில் வந்துபோகிறது. எழுத்து விட்டதைப் புகைப்படமேனும் பிடித்துவைத்ததா? சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்து இதற்கு விடை தேடுவது பயனுடையது. விடை அத்தனை மகிழ்ச்சி தருவதன்று.

ஓராண்டு இடைவெளி

இம்மாவட்டத்துக்குப் புகைவண்டி வருமுன்பே புகைப்படக் கருவி வந்துவிட்டது. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக் கலைஞராக 1856இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் ட்ரைப் என்னும் படைத்தலைவர், 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டுத் தென் மாவட்டங்களை நோக்கிப் பயணம் செய்தார். கருவிகளையும் இரசாயனங்களையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு நடந்த பயணம் அது. 1858இல் அவர் வெளியிட்ட தொகுதிகளுள் ஒன்று இராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் காட்டுவது. மெழுகு பூசிய காகிதத்தில் எதிர்ப்படம் எடுத்து, அதிலிருந்து பெரிய அளவில் படம் அச்சிட்டார். அக்காகிதம் நிலத்தையும் வானத்தையும் ஒருசேரத் தெளிவாகப் பதிவதில்லை. ஆகவே வெறுமையாய் நின்ற வானத்தில் மேகங்களை அவரே எதிர்ப்படத்தின்மேல் வண்ணம் தீற்றி உண்டாக்கினார். எந்தப் பருவத்தின் மேகம் என்று அப்படங்களைப் பார்த்து முடிவு செய்வது தவறாகும் என்பதை ஆய்வு மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

1859இல் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் ட்ரெவெல்யன் இப்பணியை வேண்டாத ஆடம்பரமாகக் கருதினார். 1860இல் அப்பதவியே ஒழிந்தது. சென்னை இரயில்வே கம்பெனியின் தென்மேற்குப் பாதையோ இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை 1856இல் திறக்கப்பட்டு, சோலையார்பேட்டையைக் கடந்து, 1861இல் சேலத்தை அடைந்தது. 1862இல் சங்ககிரி, ஈரோடு வழியே மேற்குக் கடற்கரையின் பேப்பூரோடு இணைந்தது. அரசாங்கத்தின் கருவி இங்கிருந்து போய் ஓராண்டுக்குள் அரசாங்கத்தின் ஆதரவு பெற்ற வண்டி வந்திருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று காணாமலே போயின.

கண்டிருந்தாலும் பெரும்பயன் விளைந்திராது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அக்காலக் காகிதமும் கண்ணாடித் தகடும் ஓடும் பொருளைப் பிடிக்கும் ஆற்றல் அற்றவை. நின்றது கோயில், ஆகவே அது பதிந்தது. ஓடியது வண்டி, ஆகவே அது வெறும் நிழற்கோடாகக் கரைந்திருக்கும். ஜெலட்டின் பூசிய உலர்தகடு 1870களில் தோன்றிப் பரவிய பின்னரே ஓட்டம் படத்துக்குள் அடங்கியது. புகைவண்டி, புகைப்படம் என்னும் இரு சொற்களிலும் தமிழர் ‘புகை’யை வைத்தனர். ஒன்றின் புகை கரியால் வந்தது. மற்றதன் புகை எதனால் வந்தது என்பது அகராதிக்காரர்கள் இன்னும் பேசித் தீராத செய்தி. இன்று இரண்டிலுமே புகை இல்லை.

தாது வருடம்

தாது வருடப் பஞ்சம் என்று நாட்டுப்புறத்தார் இன்றும் நினைவுகூரும் 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. 1871, 1881 ஆகிய இரு குடிக்கணக்குகளுக்கிடையே மாவட்டத்தின் மக்கள்தொகை மூன்று இலட்சத்துக்கும் மேல் குறைந்தது. பாதை போட்டுப் பதினைந்து ஆண்டுகள் ஆன மாவட்டம் இது என்பதை மறந்துவிடலாகாது. சேலத்திலும் மொரப்பூரிலும் சங்ககிரியிலும் தண்டவாளம் இருந்தது, வண்டியும் ஓடியது. வண்டி தானியத்தைக் கொண்டுவந்தது உண்மை. விலை எங்கே உயர்ந்ததோ அங்கே தானியத்தை இழுத்துச் சென்றதும் உண்மை. வாங்கக் காசில்லாதவன் ஊரைக் கடந்து தானியம் ஓடியது. இரும்புப் பாதை அன்னதாதாவா, வணிகனின் கைக்கருவியா என்னும் வழக்கு அன்றே தொடங்கிவிட்டது.

இப்பஞ்சத்துக்குப் படங்கள் உண்டு. வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்னும் படை அதிகாரி, எலும்பும் தோலுமாய் நின்ற மக்களைக் குழுக்களாக அமர்த்தி எடுத்த படங்கள் உலகெங்கும் அறியப்பட்டவை. துயரத்தைக் காட்சிப்பொருளாக்கினார் என்று கடும் கண்டனத்துக்கும் அவை உள்ளாயின. 1877 பிப்ரவரியில் சென்னைக் கடற்கரையில் ஏற்றுமதிக்கெனத் தானிய மூட்டைகள் மலைபோல் அடுக்கப்பட்டிருந்த காட்சியும் படமாக நமக்குக் கிடைக்கிறது. ஒரு படத்தில் பசித்த உடல். மற்றொரு படத்தில் மூட்டை. உள்நாட்டையும் கடற்கரையையும் இணைத்து ஓடிய சரக்கு வண்டி இவ்விரண்டிலும் இல்லை. அதன் பெட்டிகள் எந்தத் திசையில் நிறைந்து ஓடின, எந்தத் திசையில் காலியாய்த் திரும்பின என்பதை எண்களால் மட்டுமே இன்று பேசமுடிகிறது. சாட்சிகளுள் முதன்மையான ஒன்று சாட்சிக்கூண்டில் ஏற்றப்படவே இல்லை.

பஞ்சத்தை ஆராய்ந்த ஆணையம் 1880இல், பஞ்சக் காப்புக்கென்றே பாதைகள் போடவேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் பயனாய் இம்மாவட்டத்துக்கு இரண்டரை அடி அகலமே கொண்ட குறுகிய பாதைகள் வந்தன. திருப்பத்தூர்–கிருஷ்ணகிரிப் பாதை 1905இலும், மொரப்பூர்–தருமபுரிப் பாதை 1906இலும் திறக்கப்பட்டன. பின்னது 1913இல் ஓசூர் வரை நீண்டது. அதியமானின் ஊருக்கு உமணர் வண்டிக்குப் பின் வந்த சரக்கு வண்டி இதுவே எனலாம். பாதையின் அகலம் வேறுபட்டதால் மொரப்பூரில் ஒவ்வொரு மூட்டையையும் சிறிய பெட்டியிலிருந்து இறக்கிப் பெரிய பெட்டியில் ஏற்றவேண்டும். ஆள் முதுகே அங்கே சேம அச்சு. இரண்டாம் உலகப்போரின்போது, 1941இல், அப்பாதை மூடப்பட்டுத் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன.

அதே ஆண்டுகளில் சேலத்தில் புகைப்படக் கருவிக்குப் பஞ்சம் இருந்தது என்று சொல்ல முடியாது. ஏற்காடு சாலையில் டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் 1930களிலேயே இயங்கத் தொடங்கிவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை ஆக்கிய நிறுவனம் அது. தமிழின் முதல் வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் அங்கிருந்துதான் வந்தது. விளக்கும் ஒளிப்பதிவாளரும் திரைச்சீலையும் நிறைந்திருந்த நகரம். ஆனால் அடுத்த ஊரில் பெயர்க்கப்படும் தண்டவாளத்தைப் படமாக்க வேண்டும் என்னும் எண்ணம் அக்காலத்துக்கு உரியதன்று. பாக்தாத் நகரத்தை அரங்கில் எழுப்பத் தெரிந்த ஊர், மொரப்பூரைப் படத்துக்குரிய இடமாக எண்ணவில்லை. இது குற்றச்சாட்டு அன்று; எது படத்துக்கு உரியது என்பதில் அன்றைய மனநிலை அப்படி. மொரப்பூர்–தருமபுரி இணைப்புக்கு மீண்டும் 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டது. பழைய பாதை ஓடிய வழியில் மண்மேடுகளும் கல் கட்டுமானச் சிதைவுகளும் ஆங்காங்கே கிடக்கின்றன.

பெயரெழுதி வைத்த படங்கள்

இதற்கிடையே கடல் கடந்து ஒரு காரியம் நடந்தது. அமெரிக்க அரசின் வேளாண் பாதுகாப்பு நிர்வாகமும், பின்னர் போர்க்காலச் செய்தி அலுவலகமும் புகைப்படக் கலைஞர்களை ஊதியம் கொடுத்து நாடெங்கும் அனுப்பின. அவர்களுள் ஜாக் டெலானோ என்பவர் 1942ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 1943ஆம் ஆண்டின் வசந்தம் வரை இரயில்வேயைப் படமெடுத்தார். சிகாகோ நகரின் சரக்கு முனையங்களில் பனி மூடிய பெட்டிகள், உறைந்த இரவில் கைவிளக்கின் ஒளிக்கோடு, அயோவா மாநிலத்தின் கிளிண்டன் ஊரில் எஞ்சினைத் துடைக்கும் பெண்கள், பின் 1943 மார்ச்சில் சாண்டா ஃபே இரயில்வேயின் சரக்கு வண்டிகளிலேயே ஏறிச் சமவெளியையும் பாலையையும் மலையையும் கடந்து கலிபோர்னியா வரை என அவர் பணி நீண்டது. பனியில் தொடங்கி வெயிலில் முடிந்த பயணம். எஞ்சினின் வலிமையைக் காட்டுவதோடு அவர் நிற்கவில்லை. பற்றவைப்பவர், கூலிக்காரர், கடைசிப் பெட்டியில் அமர்ந்து கணக்கெழுதும் நடத்துநர் ஆகிய யாவரையும் படமாக்கிப் பெயரும் வேலையும் ஊரும் மாதமும் எழுதிவைத்தார். ஏறத்தாழ 1,70,000 எதிர்ப்படங்கள் கொண்ட அப்பெருந்தொகுப்பு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் எவரும் பார்க்கும்படி இருக்கிறது.

வேறு வழியில் சென்றவர் ஓ. வின்ஸ்டன் லிங்க். 1955 முதல் 1960 வரை, நார்ஃபோக்–வெஸ்டர்ன் பாதையில் நீராவி எஞ்சினின் இறுதிநாட்களை இரவில், தம் சொந்தச் செலவில், பல விளக்குகளை ஒரே நொடியில் எரியவிட்டு எடுத்தார். நாடகத்தன்மை மிக்க அழகு அவருடையது. ஆயினும் வரலாற்றுக்கு உதவுவதில் டெலானோவின் எளிய படங்களே ஒரு படி மேல் என்று தோன்றுகிறது. காரணம் படத்தின் அடியில் உள்ள எழுத்து. உமணரின் மந்தியைக்கூட விடாத சங்கப் புலவரின் கண் டெலானோவிடம் இருந்தது என்றால் மிகையாகாது.

முதற்பொருள்

தமிழ் கற்றோர்க்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். கருப்பொருள் வரிசையில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு ‘செய்தி’ என்ற பெயரில் தொழிலையும் சேர்த்தார். ஒரு நிலத்தில் ஒரு பொழுதில் நடக்கும் தொழிலைச் சொல்லாமல் அந்நிலத்தைச் சொல்லிவிட முடியாது என்பது அதன் உட்கிடை. சரக்கு வண்டியைப் பருவந்தோறும் படமெடுப்பவர் அறிந்தோ அறியாமலோ செய்வது இதையே. அதற்குச் சேலம், நாமக்கல் சமவெளியைப்போல் வாய்ப்பான களம் அரிது. சித்திரையில் பாலையாகக் கிடக்கும் இடமே ஆவணியில் முல்லையாகிறது. தலைநிமிர்ந்தால் சேர்வராயன் மலையில் குறிஞ்சி. தெற்கே காவிரிக்கரையில் மருதம்.

சோலையார்பேட்டையிலிருந்து வரும் பாதை மொரப்பூர், பொம்மிடி, லோக்கூர் வழியாக மலைகளுக்கிடையே வளைந்து, கருப்பூரையும் மேக்னசைட் சந்திப்பையும் கடந்து சேலத்தில் சமவெளியைத் தொடுகிறது. ஒரு தாதுப்பொருளின் பெயரையே ஊர்ப்பெயராகத் தாங்கிய சந்திப்பு அது. வெண்சுண்ணம் போன்ற மண் புரண்டு கிடக்கும் அவ்விடத்தில், கரிய நிலக்கரிப் பெட்டிகள் போகும்போது ஏற்படும் கருமை வெண்மை முரண் வேறெங்கும் கிடைப்பதில்லை. சேலத்துக்கு மேற்கே வீரபாண்டி, மகுடஞ்சாவடி, பின்பு கோட்டை தலைமேல் நிற்கும் சங்ககிரி. அங்கே சிமெண்டும் எண்ணெயும். அதன்பின் பள்ளிபாளையத்தை அடுத்துக் காவிரிப் பாலம், அக்கரை ஈரோடு. ஓமலூரில் பிரிந்து மேட்டூருக்குச் செல்லும் கிளையோ அணை கட்டிய காலத்தில், 1925க்கும் 1934க்கும் இடைப்பட்ட அப்பெரும்பணிக்காக உருவானது. அணைக்குக் கல்லும் சிமெண்டும் சுமந்த பாதை இப்போது அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி சுமக்கிறது. ஒடிசாவின் சுரங்கத்திலிருந்து பாரதீப் துறைமுகம், அங்கிருந்து கப்பலில் எண்ணூர், எண்ணூரிலிருந்து இரயிலில் மேட்டூர் என்று அக்கரியின் பயணம் நெடியது. பெரும்பாலும் 58 திறந்த பெட்டிகள் கொண்ட தொடர் ஒன்று ஒரு சிற்றூரைக் கடந்து முடிக்கும்வரை, கேட்டில் நிற்பவர் ஒரு பாட்டைச் சொல்லி முடித்துவிடலாம்.

பருவங்களைப் பார்ப்போம். ஆவணி, புரட்டாசி ஆகிய கார்காலமே சேலத்துக்கு நல்ல மழை தரும் பொழுது. மழை விட்ட மறுநாள் தூசி அடங்கி, மலைகள் ஒரு கல் தொலைவு முன்வந்து நிற்கும். நனைந்த நிலக்கரி பளபளக்கும். ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்காமலிருக்க எஞ்சின் மணல் தூவி ஏறும் பொம்மிடி, லோக்கூர்ப் பகுதியில் வண்டியின் உழைப்பு கண்ணுக்கே தெரியும். மார்கழி, தையில் கதிரவன் நாள் முழுதும் சாய்ந்தே செல்வதால் சக்கரங்களின் மேலும் ஒளி விழும். மற்றப் பருவங்களில் பெட்டியின் நிழலுக்குள் அவை மறைந்துவிடும். விடியலில் பனிக்குள்ளிருந்து முதலில் விளக்கு வரும். பின் ஒலி வரும். கடைசியில்தான் வண்டி வரும்.

மாசி, பங்குனி மரவள்ளியின் காலம். சேகோ ஆலைகளின் முற்றங்களில் ஏக்கர் கணக்கில் வெண்ணிறம் உலர்கிறது. அதற்கப்பால் ஓடும் வண்டியைப் படமெடுக்க முனைபவர் பெரும்பாலும் தோற்கிறார். வெண்மைக்கு ஒளியை அளந்தால் வண்டி கரிக்கோடாகும். வண்டிக்கு அளந்தால் முற்றம் வெற்றுத்தாளாகும். ட்ரைப் வானத்தோடு பட்ட பாடு இது, நூற்றறுபது ஆண்டுக்குப்பின் தரையில். சித்திரை, வைகாசியில் காலை ஒரு மணி நேரமும் மாலை ஒரு மணி நேரமும் தவிர்த்து எஞ்சிய பொழுது முழுவதும் ஒளி தலைக்குமேல் நின்று எல்லாவற்றையும் தட்டையாக்கும். அதுவே பாலையின் இயல்பு. அழகில்லை என்று அதை விட்டுவிடுபவர் ஆண்டில் இரண்டு மாதத்தைப் பொய்யாக்குகிறார். ஆனி, ஆடியில் காற்று. நிலக்கரித் தூசி வண்டியின் மேல் ஒரு கொடிபோல் பறப்பதும், மேட்டூர் திறந்து காவிரி நிறைந்து ஓடுவதும் அப்போதே.

அந்தக் காவிரியின் மேல் இன்னொரு பாலமும் உண்டு. சேலத்திலிருந்து இராசிபுரம், நாமக்கல், மோகனூர் வழியாகக் கரூர் செல்லும் பாதை 2013 மே மாதம் பயணியர் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. அதுவரை நாமக்கல் நகரத்துக்கு இரயிலே இல்லை. லாரியால் வாழ்ந்து லாரியால் புகழ் பெற்ற ஊர் அது. தண்டவாளம் இல்லாக் குறையை டயரால் தீர்த்துக்கொண்டது. நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை 1888இல் பிறந்த மோகனூரில் சரக்கு வண்டி ஓடத் தொடங்க அவர் பிறந்து நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கவிதைக்கு முன்பே தூரிகையால் பெயர் பெற்ற அவர் இக்காட்சியைத் தீட்டியிருந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதில் தவறில்லை. 1930இன் வேதாரணிய உப்பு யாத்திரைக்குப் பாட்டுத் தந்தவர் அவர். உப்புச் சுமந்தவரின் வழியும் வலியும் அறியாதவரல்லர்.

நாமக்கல் கூட்ஸ் ஷெட்டுக்கு வரும் வண்டிகளில் கோழித்தீவனத்துக்கான மக்காச்சோளம் முக்கியமானது. பீகார் முதலிய தொலைமாநிலங்களிலிருந்து 42 மூடிய பெட்டிகளில், ஏறத்தாழ 2,600 டன் ஒரே தொடராக வந்து இறங்குகிறது. வடக்கே கோதாவரிக்கும் கங்கைக்கும் அப்பால் ஓர் உழவர் கோடையில் அறுத்தது, இங்கே முட்டையாகிறது. பெட்டிக் கதவு திறந்ததும் மூட்டையைத் தலையில் வாங்கும் தொழிலாளர் வியர்வையில் சோளத்தூள் ஒட்டி மஞ்சள் பூத்து நிற்பர். லாரிகள் பின்வாங்கி வரிசையில் நிற்கும். ஊரின் பழைய தொழிலும் புதிய பாதையும் கைமாற்றிக்கொள்ளும் இடம் இது. ஓடும் வண்டியின் அழகுக்காக வளைவுகளில் காத்திருப்போர் இந்த ஷெட்டைத் தவறவிடுகின்றனர். உழைப்பு வண்டி நின்ற பிறகே தொடங்குகிறது.

காத்திருப்பு

பயணியர் வண்டிக்குக் கால அட்டவணை உண்டு. சரக்கு வண்டிக்கு ஊரார் பார்க்கும் அட்டவணை கிடையாது. கட்டுப்பாட்டு அறை வழிவிட்டால் வரும். விரைவு வண்டிக்கு இடங்கொடுத்து ஏதேனும் ஒரு நிலையத்தின் பக்கப்பாதையில் மணிக்கணக்கில் ஒதுங்கும். முன்பு கைகாட்டி மரம் தாழ்ந்ததா என்று பார்த்துக் காத்திருந்தனர். இன்று விளக்கின் நிறம் பார்க்கின்றனர். இக்கலையில் திறமையைவிடப் பொறுமைக்கே வேலை அதிகம். நாள் முழுதும் நின்று ஒரே படத்தோடு திரும்புவது இயல்பு.

சட்டத்தின் தடையும் நெடுங்காலம் இருந்தது. இரயில்வே எல்லைக்குள் கருவியோடு நுழைய முன்னனுமதி வேண்டும். பாலங்களும் முனையங்களும் நாட்டுப் பாதுகாப்புக்கு உரியவை என்னும் கருத்து, 1923ஆம் ஆண்டின் அலுவல்முறை இரகசியச் சட்டத்தின் நிழலில் வளர்ந்தது. அனுமதியின்றி இருப்புப்பாதையில் இறங்குவது 1989ஆம் ஆண்டின் இரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி இன்றும் குற்றம். உயிருக்கு ஊறு என்னும் காரணமே அதற்குப் போதும். எனவே நல்ல படங்கள் யாவும் வேலிக்கு வெளியிலிருந்தே எடுக்கப்படவேண்டியவை: கேட்டின் ஓரம், மேம்பாலம், வயல் வரப்பு, ஏரிக்கரை. இத்தடையால் ஒரு நன்மையும் விளைந்தது. வெளியே நின்றால்தான் வண்டியோடு பனைமரமும் ஆட்டுமந்தையும் படத்துக்குள் வருகின்றன.

2007 நவம்பர் முதல் நாள் சேலம் தனிக் கோட்டமானது. அதே ஆண்டில் சேலம்–விருத்தாசலம் மீட்டர் பாதையும் அகலப்பாதையாக மாறியது. மீட்டர் பாதையின் சிறிய நான்கு சக்கரப் பெட்டிகள் இன்று கண்ணில் படுவதில்லை. அடுத்து மறைய இருப்பது கடைசிப் பெட்டி. வண்டியின் வாலில் தனித்து அமர்ந்து, பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியும் கைவிளக்குமாகப் பத்து மணி நேரம்கூடப் பயணம் செய்யும் காப்பாளரைக் ‘கார்டு’ என்றே தமிழகம் அழைத்தது. 2022 ஜனவரியில் அப்பதவிக்கு ‘டிரெயின் மேனேஜர்’ என்று பெயர் மாற்றினர். அவர் இருக்கும் பெட்டிக்குப் பதிலாக வாலில் ஒரு மின்னணுக் கருவியைப் பொருத்தி ஓட்டும் முறையும் நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கிறது. முன்னே எஞ்சினைப் படமெடுத்தவர் ஆயிரம் பேர். வண்டி போனபின் திரும்பி நின்று அம்மனிதரைப் படமெடுத்தவர் சிலரே.

இப்போது கருவி எல்லார் கையிலும் இருக்கிறது. சங்ககிரியிலும் மோகனூர்ப் பாலத்தருகிலும் விடியற்காலையில் இளைஞர்கள் நிற்கின்றனர். எஞ்சினின் வகையும் எண்ணும் அவர்களுக்கு மனப்பாடம். படத்தின் அடியில் அவற்றையும் எழுதுகின்றனர். பெட்டிக்குள் இருந்தது என்ன, அது எங்கிருந்து எங்கே போயிற்று, அப்போது வயலில் நின்ற பயிர் எது என்பவற்றைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. 1877இல் விடுபட்டதும் இந்த மூன்றே.

ஆடிப்பெருக்கன்று மோகனூரில் கரையெங்கும் மக்கள். முளைப்பாரியும் மஞ்சள்கயிறும் தேங்காயுமாகப் பெண்கள் படித்துறையில் இறங்கிக்கொண்டிருக்க, பாலத்தின்மேல் சோளம் இறக்கிய காலிப் பெட்டிகள் கரூர் நோக்கிப் போகின்றன. காலிப் பெட்டியின் ஓசை நிறைபெட்டியின் ஓசையைவிடப் பெரிது. சிறுவர்கள் நிமிர்ந்து எண்ணுகின்றனர். நாற்பத்திரண்டை எண்ணி முடித்தபின் வரும் சிறு பெட்டியின் திண்ணையில் நிற்பவர் கையை உயர்த்துகிறார்.